வலு குறைந்த காந்தம் போதும்: கதிர் பாயும்போதே கட்டியைப் பார்ப்பது எப்படி?

அத்தைக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம், மொத்தம் 25 தடவை கதிர்வீச்சு. பினாங்கின் ஜெலுத்தோங்கிலிருந்து காலையில் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது என் வேலை. கதிர்வீச்சைவிட அத்தையை அதிகம் படுத்தியது தண்ணீர்தான். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீர்ப்பை நிறையும்வரை நடைக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளிக் கதிரின் பாதையிலிருந்து விலக்கி வைக்கும். கருப்பையையும் தினமும் ஏறக்குறைய ஒரே வாக்கில் நிறுத்தும். காரணம் நல்ல காரணம்தான். ஆனால் அறுபத்தெட்டு வயதில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குக் காரணம் ஆறுதல் தராது. இரண்டு நாள் மேசையில் படுக்கவைத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நிறையவில்லை அம்மா, கொஞ்சம் குடித்துவிட்டு வாருங்கள்" என்று இறக்கிவிட்டார்கள். இன்னொரு நாள் குடலில் வாயு நிறைந்திருக்கிறது என்று சொன்னார்கள். முந்தின இரவு சாப்பிட்ட கொண்டைக்கடலைதான் குற்றவாளி என்று அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அன்று காரில் திரும்பும்போது அவர் கேட்டார்: "ஏன் தம்பி, தண்ணீர் கூடினால் ஒரு பக்கம் போகிறது, வாயு இருந்தால் இன்னொரு பக்கம் போகிறது. மிஷின் ஓடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் அது நகரவில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன், மருத்துவன் அல்லன். ஆனாலும் இது என் வகுப்பில் எந்த மாணவனும் கேட்காத அளவுக்கு நல்ல கேள்வி. நேர்மையான பதில்: பெரும்பாலான இயந்திரங்களில் தெரியாது. கதிர் பாயத் தொடங்குவதற்கு முன் பார்க்கிறார்கள். பாயும்போது பார்ப்பதில்லை. அந்தப் பத்து நிமிட இருட்டில் விளக்குப் போடப் பிறந்ததுதான், காந்தத்தால் உடம்புக்குள் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. வழிகாட்டும் கதிர்வீச்சு. அதில் முதலில் நோயாளிகளிடம் வந்து சேர்ந்தது, மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பதைவிட வலு குறைந்த காந்தத்தோடு வந்தது. ஏன் வலு குறைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடலாம். கதிர்வீச்சு கட்டியைச் சுட்டு எரிப்பதில்லை. தமிழ்நாட்டில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்று சொல்வார்கள். அந்தப் பேச்சில் சூடு கலந்திருக்கிறது, உண்மையில் சூடு இல்லை. கதிரின் அளவைக் கிரே என்ற அலகால் சொல்வார்கள். ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது 1 கிரே. ஐந்து வாரத்தில் கொடுக்கும் 50 கிரேயையும் ஒரே மூச்சில் ஒரு குவளைத் தே தாரிக்கில் (பால் தேநீரில்) இறக்கினால், தே தாரிக் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குதான் சூடாகும். கதிர் செய்வது வேறு வேலை: செல்லுக்குள் இருக்கும் மரபிழையான டி.என்.ஏ.வை அறுக்கிறது. நல்ல செல்லும் அறுபடும், கெட்ட செல்லும் அறுபடும். நல்லது பெரும்பாலும் இரவோடு இரவாகத் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும். புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் தினம் 2 கிரே அளவில் சிறுசிறு தவணையாகக் கொடுக்கிறார்கள். ஆக, எல்லாமே குறி சார்ந்த விஷயம். எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி.

குறியோ அசைகிறது. சாதாரண மூச்சிலேயே உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும். கல்லீரலிலும் நுரையீரலின் கீழ்ப்பகுதியிலும் இருக்கும் கட்டி அதோடு ஊஞ்சலாடும். ஆண்களின் புராஸ்டேட் மூச்சுக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் பின்னால் இருக்கும் மலக்குடலில் ஒரு வாயுக்குமிழி நகர்ந்தால் சில மில்லிமீட்டர் இடம் மாறிவிடும். கணையம் இரண்டு கூத்தையும் ஆடும். அத்தையின் கருப்பை எப்படி என்பதைத் தண்ணீர் பாட்டில் சொல்லிவிட்டது.

சாதிக்காய்க் கணக்கு

அசையும் குறியை எப்படிச் சமாளிக்கிறார்கள்? சுற்றிலும் விளிம்பு விட்டு. பினாங்குக்காரர்களுக்கு இதைச் சொல்லச் சாதிக்காயைவிட நல்ல பழம் கிடைக்காது. பாலிக் பூலாவில் ஒரு பழத்தை வாங்கிக் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் கொட்டை. அதை வலைபோல் கவ்விக்கொண்டு சிவப்புச் சாதிபத்திரி. அதற்கும் வெளியே தடித்த வெளிர் சதை. கொட்டைதான் படத்தில் தெரியும் கட்டி. சாதிபத்திரி, கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் பரவியிருக்கக்கூடிய புற்றுச் செல்கள். அதை விட்டுவைக்க முடியாது. வெளிச்சதை மட்டும் நோயே இல்லாத நல்ல திசு. கட்டி கொஞ்சம் தள்ளிப்போனாலும் கதிருக்குள்ளேயே இருக்கட்டும் என்று சேர்த்துக்கொள்ளும் பயத்தின் தடிமன் அது.

இந்தத் தடிமனுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டால் திடுக்கிடும். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் கனஅளவு ஏறக்குறைய 14 மில்லிலிட்டர். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் விளிம்பு விட்டால் விட்டம் 4 சென்டிமீட்டர், கனஅளவு 33 மில்லிலிட்டருக்கு மேல். விளிம்பை 10 மில்லிமீட்டராக்கினால் 65 மில்லிலிட்டர். அதாவது, 14 மில்லிலிட்டர் நோய்க்காக 51 மில்லிலிட்டர் நல்ல திசு முழுக் கதிரையும் வாங்குகிறது. பத்துத் தேக்கரண்டி. அந்தப் பத்துத் தேக்கரண்டிக்குள் குடலின் ஒரு வளைவோ சிறுநீர்ப்பையின் சுவரோ அகப்பட்டால் என்ன ஆகும் என்பது கதிர்வீச்சு எடுத்தவர்களுக்குத் தெரியும்: எரிச்சல், வயிற்றுப்போக்கு, ரத்தக் கசிவு. கன அளவு விட்டத்தின் மும்மடிப் பெருக்கம் என்று பத்தாம் வகுப்பில் சலிப்போடு படித்தது இங்கே உடம்பில் வந்து நிற்கிறது.

எனவே விளிம்பில் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் குறைக்கப் போராடுகிறார்கள். குறைக்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டும்.

இப்போது எப்படிப் பார்க்கிறார்கள்? அத்தையின் இடுப்பில் மூன்று இடங்களில் கடுகளவு பச்சைப் புள்ளி குத்தியிருக்கிறார்கள். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளை அந்தப் புள்ளிகளோடு பொருத்திப் படுக்கவைப்பார்கள். பிறகு, கதிர் இயந்திரத்தின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் கரங்கள் ஒரு சுற்றுச் சுற்றி எக்ஸ்-கதிரால் சி.டி. படம் ஒன்றை எடுக்கும். இது நல்ல ஏற்பாடு. உலகம் முழுவதும் பல லட்சம் பேரைக் குணப்படுத்தியிருக்கும் ஏற்பாடு. ஆனால் எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு எலும்புதான் கண்ணில் படும். கருப்பை, சிறுநீர்ப்பை, குடல் எல்லாம் அதற்கு ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம். இதற்காகவே புராஸ்டேட்டிலும் கல்லீரலிலும் சிலருக்கு முன்கூட்டியே தங்கத் துகள்களைப் புதைத்து வைப்பதுண்டு. படத்தில் தங்கம் பளிச்சென்று தெரியும். கட்டி தெரியாது, கட்டியின் விலாசம் தெரியும். மேலும், ஒவ்வொரு சி.டி. படமும் தானே கொஞ்சம் கதிர் என்பதால், கதிர் பாயும் நேரம் முழுக்க ஓயாமல் எடுத்துக்கொண்டே இருக்க முடியாது.

தாத்தாவின் வானொலி

எம்.ஆர்.ஐ. எக்ஸ்-கதிரைப் பயன்படுத்துவதே இல்லை. உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒவ்வொரு நீர் மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன். ஹைட்ரஜனின் கரு ஒரு குட்டிக் காந்தம்போல நடந்துகொள்ளும். பெரிய காந்தத்துக்குள் உடம்பை வைத்தால் இந்தக் குட்டிக் காந்தங்கள் பம்பரம்போலத் தலையாட்டிச் சுழலும். அதே வேகத்தில் துடிக்கும் வானொலி அலையை அனுப்பினால் அதை வாங்கிக்கொண்டு, அலையை நிறுத்தியதும் திருப்பிக் கொடுக்கும். அந்த மெல்லிய எதிரொலி கொழுப்பில் ஒருவிதமாக மங்கும், தசையில் ஒருவிதமாக மங்கும், கட்டியில் இன்னொரு விதமாக மங்கும். சி.டி.க்கு ஒரே சாம்பலாகத் தெரிந்தவையெல்லாம் இங்கே தனித்தனியாகப் பிரிந்து நிற்பது அதனால்தான். இதிலிருந்து படம் வரைய முடியும் என்று 1973இல் காட்டியவர் பால் லாட்டர்பர். அதை வேகமான நடைமுறையாக்கியவர் பீட்டர் மான்ஸ்ஃபீல்ட். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

காந்தத்தின் வலுவை டெஸ்லா என்ற அலகால் சொல்கிறோம். வழக்கமான மருத்துவமனை எம்.ஆர்.ஐ. 1.5 அல்லது 3 டெஸ்லா. நாம் பேசும் குறைந்த காந்தப்புல இயந்திரம் 0.35 டெஸ்லா. குறைந்தது என்பது ஒப்பீட்டுக்குத்தான். பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏழாயிரம் மடங்குக்குக் குறையாது. சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு பக்கத்தில் போய் நின்றுவிடாதீர்கள்.

ஒரு டெஸ்லாவுக்கு ஹைட்ரஜன் 42.58 மெகாஹெர்ட்ஸில் பேசும். இதைப் பெருக்கிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 3 டெஸ்லாவில் 128 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. 88இலிருந்து 108 வரை இருக்கும் எஃப்.எம். வரிசையை, அதாவது மின்னல் எஃப்.எம். குடியிருக்கும் தெருவை, தாண்டிப் போய்விடுகிறது. 1.5 டெஸ்லாவில் 64. 0.35 டெஸ்லாவில் ஏறக்குறைய 15 மெகாஹெர்ட்ஸ். அது பழைய சிற்றலை. 19 மீட்டர் பட்டைக்குப் பக்கத்து வீடு. என் தாத்தா இரவில் காதை வைத்துக்கொண்டு, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக் கடல் கடந்து வரும் தமிழ்க் குரலைத் தேடுவாரே, அந்த அலைவரிசை. சத்தம் இரைச்சலோடுதான் வரும். ஆனால் யார் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று தாத்தாவுக்குத் தெரிந்துவிடும்.

0.35 டெஸ்லாப் படமும் அப்படித்தான். காந்தம் வலுக்குறையக் குறைய ஹைட்ரஜனின் எதிரொலியும் மெலிகிறது. படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். மூளையில் அரிசி அளவில் ஒரு மாற்றம் இருக்கிறதா என்று தேடும் கதிரியக்க நிபுணர் இந்தப் படத்தை வாங்கிப் பார்த்தால் முகம் சுளிப்பார். ஆனால் இங்கே யாரும் எதையும் தேடவில்லை. கட்டி எங்கே இருக்கிறது என்று முன்பே தெரியும். நல்ல இயந்திரத்தில் எடுத்த நல்ல படம் கையில் இருக்கிறது. இப்போது தேவைப்படுவது அது போய்விட்டதா, இருக்கிறதா என்ற ஒரே ஒரு விடை. அதற்கு இரைச்சலோடு வரும் குரல் போதும்.

ஒத்துவராத இரண்டு பேர்

போதும் என்பது ஒரு பாதிதான். வலு குறைந்த காந்தம் இங்கே உண்மையிலேயே நல்லது என்பது மறுபாதி. அதைப் புரிந்துகொள்ள, கதிர் இயந்திரமும் எம்.ஆர்.ஐ.யும் எவ்வளவு ஒத்துவராதவர்கள் என்று பார்க்க வேண்டும்.

கதிர் இயந்திரத்துக்கு லைனாக் என்று பெயர். எலக்ட்ரான்களை ஒரு குழாயில் விரட்டி, உலோகத் தகட்டில் மோதவைத்து எக்ஸ்-கதிரை வரவழைக்கும் முடுக்கி. எலக்ட்ரான்களுக்குக் காந்தம் ஆகாது. பக்கத்தில் காந்தம் இருந்தால் ஓடும் பாதை வளைந்துவிடும். எம்.ஆர்.ஐ.க்கு வானொலி இரைச்சல் ஆகாது. உடம்பிலிருந்து வரும் எதிரொலி கிசுகிசுப்பு மாதிரி, லைனாக்கின் மின்துடிப்புகளோ கொட்டுமேளம் மாதிரி. போதாக்குறைக்கு லைனாக் நோயாளியைச் சுற்றிச் சுழலும் கனத்த இரும்பு, எம்.ஆர்.ஐ.யின் காந்தப்புலமோ துளியும் பிசகாமல் சீராக இருக்க வேண்டும். இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் குடிவைப்பது சம்பந்திச் சண்டையைத் தீர்ப்பதைவிடக் கடினம்.

0.35 டெஸ்லா இயந்திரத்தில் செய்த ஏற்பாடு இது: காந்தத்தை நடுவில் பிளந்து, இரண்டு உளுந்து வடைகளை இடைவெளி விட்டு நிறுத்தியதுபோல் வைத்தார்கள். நோயாளி இரண்டு துளைகளின் ஊடே படுத்திருப்பார். இடைவெளி வழியாகக் கதிர் பாயும். காந்தச் சுருளின் உலோகம் குறுக்கே வராது. லைனாக்கின் பாகங்களை இரும்புக் கூடுகளுக்குள் போட்டுக் காந்தத்திடமிருந்து மறைத்தார்கள். புலம் குறைவாக இருப்பதால் மறைப்பது எளிது.

நோயாளியின் உடம்புக்குள் நடப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எக்ஸ்-கதிருக்கு மின்னூட்டம் இல்லை; எந்தக் காந்தமும் அதை வளைக்காது. ஆனால் எக்ஸ்-கதிர் திசுவில் எலக்ட்ரான்களை உதைத்துக் கிளப்பிவிடுகிறது, டி.என்.ஏ.வை அறுக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது இந்த எலக்ட்ரான்கள்தான். இவை வளையும். எவ்வளவு வளையும்? ஒரு மெகாஎலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானை எடுத்துக்கொண்டால், 0.35 டெஸ்லாவில் அது ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திரும்பப் பார்க்கும். 1.5 டெஸ்லாவில் ஆரம் 3 மில்லிமீட்டர்தான். திசுவுக்குள் அந்த எலக்ட்ரான் ஓடும் தூரமே நான்கு மில்லிமீட்டர் சொச்சம். ஆக, வலு குறைந்த புலத்தில் அது திரும்பத் தொடங்குவதற்கு முன்பே களைத்து நின்றுவிடுகிறது. வலுவான புலத்தில் நிற்பதற்குள் நன்றாகவே வளைந்துவிடுகிறது.

தசைக்குள்ளேயே இருந்தால் இதனால் பெரிய பாதகமில்லை. காற்று வரும் இடத்தில்தான் சிக்கல். திசுவின் ஓரத்திலிருந்து காற்றுக்குள் பாய்ந்த எலக்ட்ரான், வலுவான புலத்தில் அரைவட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அங்கே மறுபடியும் ஆற்றலைக் கொட்டும். தோலின் வெளியேறும் பக்கத்திலும், நுரையீரலின் ஓரத்திலும், குடலில் வாயு நிற்கும் இடத்திலும் கணக்கில் இல்லாத கூடுதல் கதிர். கொண்டைக்கடலை மறுபடியும் வருகிறது, பாருங்கள். 1.5 டெஸ்லா இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் கணினியில் முன்கூட்டியே கணக்கிட்டுச் சமாளிக்கிறார்கள். அதனால் அது ஆபத்தான இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். 0.35இல் அந்தத் தலைவலி சிறியது.

இன்னும் இரண்டு லாபம் உண்டு. எம்.ஆர்.ஐ.யின் வானொலி அலை உடம்பைக் கொஞ்சம் சூடாக்கும். அந்தச் சூடு காந்தப்புலத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 1.5க்கும் 0.35க்கும் இடையே ஏறக்குறைய 18 மடங்கு வித்தியாசம். படம் மேல் படமாக ஓயாமல் எடுக்க இது பெரிய வசதி. அடுத்தது, காற்றும் திசுவும் சந்திக்கும் இடங்களில் எம்.ஆர்.ஐ. படம் கொஞ்சம் கோணலாகும். வலு குறைந்த புலத்தில் கோணல் குறைவு. மில்லிமீட்டருக்காகச் சண்டை போடுகிறவர்களுக்குப் படம் அழகாக இருப்பதைவிட நேராக இருப்பது முக்கியம்.

தேங்காய் உடைக்கும் முறை

கதிர் பாயும்போது என்ன நடக்கிறது? உடம்பைப் பக்கவாட்டில் நெடுக்காக அறுத்ததுபோல் ஒரு படம், நொடிக்கு நான்கு வீதம், திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு படத்திலும் கட்டியின் ஓரத்தைக் கணினி வரைந்துகொள்ளும். அதைச் சுற்றி மருத்துவர்கள் முன்பே ஒரு வேலி போட்டிருப்பார்கள், உதாரணமாக 3 மில்லிமீட்டர் தள்ளி. மூச்சு இழுக்கும்போது கட்டி இறங்கி, குறிப்பிட்ட பங்குக்கு மேல் வேலிக்கு வெளியே போனால் கதிர் தானாக நின்றுவிடும். உள்ளே வந்ததும் மறுபடி பாயும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

பினாங்குத் தைப்பூசத்தில் வெள்ளி ரதம் வரும் சாலையில் தேங்காய் உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. குவியல் குவியலாகத் தேங்காய். உடைப்பவர் கையை ஓங்கிவிட்டார். ஆனால் மண்வாரியோடு தொண்டர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். கை அப்படியே நிற்கும். அவர் விலகியதும் காய் விழும். வேகம் குறையும், நேரம் கூடும். ஆனால் படக்கூடாதவர் மேல் படாது. முன்பு இருந்த முறையோ, தொண்டர்கள் எங்கெல்லாம் நடப்பார்கள் என்று காலையில் ஒரு தடவை பார்த்துவைத்துக்கொண்டு, பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு உடைப்பது.

சில இடங்களில் இந்தத் திரையை நோயாளிக்கே காட்டுகிறார்கள். மூச்சைப் பிடித்துக் கட்டியை வேலிக்குள் கொண்டுவந்து நிறுத்துவது அவர் கையில், இல்லை, அவர் நெஞ்சில்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரே ஒரு வெட்டின் படம்தான். முழு உருவம் அல்ல. மேல்கீழாகவும் முன்பின்னாகவும் நடக்கும் அசைவு அதில் தெரியும். இடவலமாக நழுவினால் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. மூச்சசைவு பெரும்பாலும் மேல்கீழ் என்பதால் இந்தச் சமரசம் செல்லுபடியாகிறது. படம் எடுத்து, கணித்து, கதிரை நிறுத்துவதற்குள் நொடியில் ஒரு பகுதி கழிந்துவிடும். அதற்கும் சேர்த்துத்தான் வேலி போட வேண்டும்.

இதைவிடப் பெரிய பயன் தினசரித் திட்டமாற்றம் என்று நினைக்கிறேன். அத்தை நிரம்பாத சிறுநீர்ப்பையோடு வந்தால் இங்கே இறக்கிவிட்டார்கள், ஏனென்றால் திட்டம் மாறாது; உடம்புதான் திட்டத்துக்கேற்ப மாற வேண்டும். எம்.ஆர்.ஐ. லைனாக்கில் அன்றன்றைக்குப் படம் எடுத்து, குடல் இன்று எங்கே வளைந்திருக்கிறது, கட்டி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று புதிதாகக் கோடு போட்டு, நோயாளி படுத்திருக்கும்போதே கதிர்த்திட்டத்தை மாற்றி எழுதுகிறார்கள். நாளுக்கு நாள் படங்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் கட்டி கரையும் கதையும் கிடைக்கிறது. கருப்பைவாய்க் கட்டி ஐந்து வாரத்தில் நன்றாகவே சுருங்கக்கூடியது. முதல் நாள் அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கடைசி நாள்வரை போட்டுக்கொண்டிருப்பது வீண். சுருக்கத்தை முன்கூட்டியே ஊகிக்கச் செல்களுக்கிடையே நீர் ஊர்வதை அளக்கும் நுட்பமான எம்.ஆர்.ஐ. முறைகளும் உண்டு. அந்த விஷயத்தில் மட்டும் வலுவான காந்தத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் ஆகும். சாதாரண லைனாக்கில் கால் மணி நேரத்தில் முடிவது இங்கே முக்கால் மணி, ஒரு மணி என்று நீளும். ஒரு மருத்துவர், ஓர் இயற்பியலாளர், தொழில்நுட்பர்கள் எல்லோரும் கூடவே நிற்க வேண்டும். காத்திருப்போர் வரிசை நீளமாக உள்ள அரசு மருத்துவமனையில் இது லேசான சங்கதி அல்ல.

பலன் இருக்கிறதா?

இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று புராஸ்டேட் விஷயத்தில் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 156 ஆண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, எல்லோருக்கும் 40 கிரேயை ஐந்தே தவணையில் கொடுத்தார்கள். ஒரு பாதிக்கு சி.டி. வழிகாட்டுதல், 4 மில்லிமீட்டர் விளிம்பு. மறுபாதிக்கு 0.35 டெஸ்லா எம்.ஆர்.ஐ. வழிகாட்டுதல், 2 மில்லிமீட்டர் விளிம்பு. முதல் மூன்று மாதத்தில் குறிப்பிடத்தக்க சிறுநீர்த் தொல்லை வந்தவர்கள் சி.டி. பக்கம் 43.4 விழுக்காடு, எம்.ஆர்.ஐ. பக்கம் 24.4 விழுக்காடு. குடல் தொல்லை 10.5 விழுக்காட்டுக்கு எதிரே பூஜ்யம். முடிவுகள் 2023இல் வெளிவந்தன. வித்தியாசம் வெறும் 2 மில்லிமீட்டர். சாதிக்காய்க் கணக்கை மறந்துவிடாதீர்கள்.

இதை எல்லாப் புற்றுநோய்க்கும் நீட்டிவிடக் கூடாது. மூளைக் கட்டி மூச்சுக்கு அசையாது. தலையைக் கவசத்தால் பிடித்து நிறுத்தினால் தீர்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான இயந்திரங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. அசையும் கட்டி, பக்கத்திலேயே பயப்பட வேண்டிய உறுப்பு என்று இரண்டும் சேர்ந்து வரும் கணையம், கல்லீரல் போன்ற இடங்களில்தான் இதற்கு மவுசு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வியூரே நிறுவனம் மெரிடியன் என்ற பெயரில் கொண்டுவந்த முதல் இயந்திரத்தில் லைனாக்கே இல்லை. தானாகவே கதிரை உமிழும் மூன்று கோபால்ட்-60 துண்டுகளிலிருந்து கதிர் வந்தது. கோபால்ட்டிலிருந்து கதிர் வருவதைக் காந்தம் தடுக்காது, வானொலி இரைச்சலும் கிடையாது. சண்டை வராமலிருக்கச் சம்பந்தியையே மாற்றிவிட்டார்கள். அதில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2014இல் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியது. 2017இல் லைனாக் வைத்த வடிவத்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதே 2017இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் 1.5 டெஸ்லா இயந்திரமான எலெக்டா யூனிட்டியில் முதல் நோயாளி படுத்தார். கனடாவின் எட்மன்டன் குழு 0.5 டெஸ்லாவில் கதிரையும் காந்தப்புலத்தையும் ஒரே திசையில் ஓடவிடும் வேறொரு பாதையில் போயிற்று. 2023இல் வியூரே திவாலாகி நீதிமன்றத்துக்குப் போனது; பிறகு புது உருவில் திரும்ப வந்தது. நல்ல ஆய்வு முடிவு வெளிவந்த அதே ஆண்டில் கம்பெனி மூழ்கியது என்பதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நோயாளிக்கு நல்லது என்பதும் விற்றால் கட்டுப்படியாகும் என்பதும் இருவேறு கணக்குகள்.

யாராவது உறவினருக்கு வெளிநாட்டில் இந்தச் சிகிச்சை பேசப்பட்டால், வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: புடவையில் குத்திய ஊக்கு வேண்டாம். தங்கம் காந்தத்தில் இழுபடாது. ஆனால் ஊக்கு எஃகு. தாலிக்கொடியையும் கழற்றத்தான் சொல்வார்கள், ஏனென்றால் எந்த உலோகமும் படத்தைக் கெடுக்கும். மஞ்சள் கயிற்றை மாற்றிக்கொண்டு போனால் மனச்சங்கடம் இராது. இதயத்தில் பேஸ்மேக்கர், காதில் பதித்த கருவி, பழைய அறுவையில் வைத்த கம்பி எதுவாக இருந்தாலும் மறைக்காமல் முன்பே சொல்ல வேண்டும். மூடிய இடத்தில் பயம் வருமென்றால் அதையும் சொல்லுங்கள்; ஒரு மணி நேரம் அசையாமல் படுப்பது விளையாட்டல்ல.

அத்தைக்கு 25 தவணையும் முடிந்துவிட்டது. அவருக்கு நடந்தது வழக்கமான லைனாக்கில்தான். நன்றாகவே தேறி வருகிறார். போன வாரம், அவர் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில் சொல்லலாம் என்று, கல்லீரல் கட்டி ஒன்றுக்கு 0.35 டெஸ்லாவில் எடுத்த படம் ஓடும் காணொலியை அலைபேசியில் காட்டினேன். சாம்பல் நிறத்தில் மணல் மணலாக ஏதோ ஏறி இறங்கியது. அதன்மேல் ஒரு கோடு, சுற்றி இன்னொரு கோடு. உள்கோடு வெளிக்கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஓரத்தில் கதிர் நின்றுவிட்டதாக அடையாளம் மாறும்.

"தெளிவாகவே இல்லையே" என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோடு வெளியே போனது. அடையாளம் மாறியது. கொஞ்ச நேரம் அறையில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.